வேன் பாதி, செவலி பாதி

ராகலை
09.01.2025

அம்மாக்கண்ணு,

இதை எழுதுவது நான்தான். மகன் மதுரன் இல்லை, டீச்சர் இல்லை. நான். உன் பெயரை எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். நீளமான பெயர். நடுவில் கை வலித்துவிட்டது. ஆனால் எழுதி வைத்துப் பார்த்தால் நீயே வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

போகும்போது என் குரலே உன் காதில் விழக்கூடாது என்று சொன்னாய். நம் மகள் நிலக்ஷி போனைக் கொண்டுவந்து நீட்டினாலும் நீ வாங்குவதில்லையாம். சரி. இதில் குரல் இல்லை. தைரியமாகப் படிக்கலாம்.

நான்கு மாதமாகச் செவ்வாயும் வியாழனும் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறேன். தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வரும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, சுலக்ஷனா டீச்சர் எங்களுக்கு அங்கே எழுத்துச் சொல்லித் தருகிறார். ஏழு பேர் இருக்கிறோம். பிள்ளைகளின் சின்ன நாற்காலியில்தான் எல்லாரும் உட்கார வேண்டும். எழுபது வயதில் முழங்கால் வந்து காதைத் தொடுகிறது. பரவாயில்லை. போன வாரம் ராகலை டவுனில் ஒவ்வொரு கடைப் பலகையின் கீழும் நின்று படித்தேன். முப்பது வருடமாக நான் சாமான் வாங்கும் கடைக்கு என்ன பெயர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே போய்க் கடைக்காரரிடமே அதைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியுமாம்.

இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று கேட்பாய். நீ போன அன்று காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஏதோ எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனாய். மதுரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பனைப் பற்றி அம்மா என்ன எழுதியிருக்கிறாளோ, அதை மகன் வாயால் கேட்க முடியுமா. நானே படித்துக்கொள்வோம் என்றுதான் வகுப்புக்குப் போனேன்.

இப்போது படிக்கத் தெரியும். தாள் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. இனிமேல் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அதில் இருந்தால் நான் என்ன செய்வேன். பிரிக்காத வரைக்கும் நீ அப்படி எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ நிலக்ஷியின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நீ வளர்த்த பசு செவலியை வட்டகொடை காளியாயிக்கு விற்றேன். நீ வந்தாய், வெறும் கொட்டிலைப் பார்த்தாய், மறுநாளே திரும்பப் போனாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். அதை எழுத எனக்கு இன்னும் நல்ல எழுத்து வேண்டும்.

கொட்டில் இப்போது மதுரனின் பள்ளிக்கூட வேனுக்குக் கராஜ். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் ஏற்றப் போகும்வரை சும்மாதானே நிற்கிறேன், அந்த நேரத்தில் மற்றவர்களின் வாகனங்களைக் கழுவித் துடைத்துக் கொடுக்கலாம் என்கிறான். அதற்குத் தரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமாம். எபொக்சி என்று ஒரு பெயின்ட். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸுஹைர் டின்னோடு ஒரு துண்டுத்தாளும் கொடுத்தார். பூசுவது ஒரு நாள் வேலை, அதற்குமுன் தரையை ஆயத்தம் செய்வதுதான் பெரிய வேலை என்று அதில் இருக்கிறது. பன்னிரண்டு வரி. தமிழில் இருக்கிறது, அம்மாக்கண்ணு! மதுரனுக்குப் பொறுமை இல்லை. தரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று மூன்றாம் வரி வரைக்கும் வந்தேன்.

ஆண்டியப்பன்


நோட்டன் பிரிட்ஜ்
16.01.2025

மதுரன் அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சது. யார் எழுதிக் கொடுத்தது? கோழி கிண்டின எழுத்து, அதனால டீச்சர் இல்லை. மதுரன் இடது கையால எழுதினானா? அம்மாவை ஏமாத்தப் பார்க்கிறானா?

நிஜமாவே நீங்கதான்னா, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்ணை எழுதுங்க. பிறகு பார்ப்போம்.

நேத்து மாட்டுப் பொங்கல். பக்கத்து வீட்டுக்காரங்க மாட்டுக்குப் பொட்டு வச்சு வாழைப்பழம் கொடுத்தேன். அது என்னை யாருன்னு பார்த்துச்சு. வேற ஒண்ணும் எழுத இல்லை.

கொட்டில் தரைக்குப் பெயின்டா? சாணி அள்ளின தரைக்கா?

அம்மாக்கண்ணு


ராகலை
24.01.2025

அம்மாக்கண்ணு,

உன் கடிதத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை கால் மணி நேரம்தான். கோழி கிண்டின எழுத்து என்ற இடத்தை டீச்சரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, உங்க வீட்டம்மாவுடைய எழுத்து அழகா இருக்கு தாத்தா என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நமக்கு மட்டும் தெரிந்தது இதோ. செவலிக்கு வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தை இருமல் மருந்து என்று நினைத்து நான் குடித்தேன். இரண்டு கரண்டி. நீ போத்தலை வாங்கி வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். அன்று முழுக்க என் பின்னாலேயே சுற்றினாய். மறுநாள் காலையில், பயமில்லை, இனி ஆறு மாசத்துக்கு உங்களுக்கும் பூச்சி வராது என்றாய். இன்றுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இருமல் நின்றதா என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நின்றுவிட்டது.

போதுமா?

இனி தரைக்கு வருகிறேன். நான்காம் வரியில் இப்படி இருக்கிறது. தரையில் தண்ணீரைச் சொட்டு விட்டுப் பார்க்கவும். உறிஞ்சினால் நல்லது. முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. இதை எழுதியவர் யாரோ தெரியவில்லை, கெட்டிக்காரர். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடிக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே போனேன். மதுரன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்னப்பா, தரைக்குத் தீர்த்தம் தெளிக்கிறீங்களா என்றான்.

வாசல் பக்கம் முத்து நின்றது. அது வேன் ஒழுக்கும் எண்ணெய், தெரிந்ததுதான். ஆனால் உள்ளே, செவலியைக் கட்டும் கம்பத்தடியிலும் முத்து நின்றது. வேன் அவ்வளவு தூரம் உள்ளே வருவதே இல்லை. அங்கே எண்ணெய் எப்படி வந்தது? இரண்டு நாள் இதே யோசனை. சோறு சாப்பிடும்போதும் அதுதான். மூன்றாம் நாள் காலையில் கம்பத்தடியில் குந்தி மோந்து பார்த்தேன். வேப்பெண்ணெய். உண்ணி வரக்கூடாது என்று சனிக்கிழமை தவறாமல் அவள் முதுகிலும் காதிலும் தேய்ப்பாயே, அதுதான் பதினான்கு வருடம் வடிந்து வடிந்து சீமெந்துக்குள் போயிருக்கிறது. கண்டுபிடித்தவுடன் சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

கொதிநீரில் சலவைச் சோடா கரைத்து, ஈர்க்கு விளக்குமாற்றால் தரை முழுக்கத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் செவலியின் மூத்திர வாடை புகை மாதிரி எழும்பியது. கண் எரிந்தது. வெளியில் போய் நின்றேன். அவள் உள்ளே நிற்கிறாள் என்றே இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு இடத்தில் சீமெந்து ஈரமாக இருந்தபோது பதிந்த குளம்பு ஒன்று இருக்கிறது. குழி எல்லாம் அடைக்க வேண்டும் என்று ஏழாம் வரி சொல்கிறது. வெடிப்புகளை எல்லாம் அடைத்துவிட்டேன். செவலியின் கால் பட்ட இடத்தை மட்டும் அடைக்கவில்லை. சாந்துக் கரண்டியைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்?

இன்னொரு விஷயம். உறையில் மதுரன் அப்பா என்று எழுதாதே. தபால்காரர் மதுரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். என் பெயரையே எழுது. என் பெயர் போட்டு எனக்கு ஒரு கடிதமும் இதுவரை வந்ததில்லை.

ஆண்டியப்பன்


நோட்டன் பிரிட்ஜ்
30.01.2025

மதுரன் அப்பாவுக்கு,

நீங்கதான். நம்புறேன். அந்தப் பூச்சி மருந்துக் கதையைப் படிச்சுட்டு நான் சிரிச்சதைப் பார்த்து நிலக்ஷி என்னம்மான்னு கேட்டா. சொல்லலை.

அந்தக் குளம்பு செவலியுடையது இல்லை. பக்கத்து வீட்டு அழகனோட ஆடு. சீமெந்து போட்ட அன்னைக்குப் பின்னேரம் அது கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு, நான் கல்லெடுத்து விரட்டினேன். செவலி அப்ப நம்ம வீட்டுக்கே வரலை. மாட்டுக் குளம்புக்கும் ஆட்டுக் குளம்புக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு மாட்டை விக்க மட்டும் தெரிஞ்சிருக்கு. தாராளமா அடைங்க.

தரையில கோடு கோடா இருக்கே, அதையும் அடைக்கப் போறீங்களா? சீமெந்து காயுறதுக்குள்ள கம்பி வச்சு நான் கீறினது. மூத்திரம் பட்ட தரையில மாடு வழுக்கும். வழுக்கினா இடுப்பு போயிரும். உங்களுக்கு அது தெரியாது. நீங்க தேயிலை ஸ்டோர்ல மெஷின்கிட்ட நின்னீங்க.

உறையில பேரை நான் எழுத மாட்டேன். நாப்பத்து நாலு வருஷமா வாயால சொல்லாததைக் கையால எழுதினா மட்டும் சரியாகிடுமா? நிலக்ஷியை எழுதச் சொல்லியிருக்கேன். உறையைப் பார்த்து வேற எழுத்தா இருக்கேன்னு பயப்பட வேண்டாம்.

அந்தத் தாளை ஏன் இன்னும் படிக்கலை? நாலு மாசம் சட்டைப் பையில வச்சிருந்தா வேர்வையிலயே கரைஞ்சு போகும். படிங்க. அதுல என்ன இருக்குன்னு நான் இங்க திருப்பி எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியாச்சு.

அம்மாக்கண்ணு


ராகலை
10.02.2025

அம்மாக்கண்ணு,

என் பெயர் போட்ட உறை வந்தது. தபால்காரர் யார் இந்த ஆண்டியப்பன் என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி வாங்கினேன். இருபது வருடமாக நம் வாசலுக்கு வருகிறவர்.

ஆட்டுக் குளம்பை அடைத்துவிட்டேன். அழகனிடமும் சொன்னேன். அந்த ஆடு அப்படித்தான் என்றான்.

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி.

ஒன்பதாம் வரி. இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீனைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டவும். ஒரு நாள் கழித்துத் திறக்கவும். அடியில் ஈரம் இருந்தால் பெயின்ட் பூசக்கூடாது. மேலே மழை பெய்தால் ஈரம் மேலே இருக்கும், மூடின பொலித்தீனுக்கு அடியில் எங்கிருந்து ஈரம் வரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதியிருக்கிறதே என்று ஒட்டினேன்.

மறுநாள் பார்த்தால் பொலித்தீனின் உள்பக்கம் முழுக்கத் துளி. வேர்த்த முகம் மாதிரி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரமாக மழை இல்லை. கூரை ஒழுகவில்லை. மூடின இடத்துக்குள் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பென்று இருந்தது. சோடா இல்லை, மூத்திரம் இல்லை. நல்ல தண்ணீர்.

வாசல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, பின்சுவர் ஓரம் ஒன்று என்று மூன்று ஒட்டினேன். வாசல் பக்கம் லேசாக மூடுபனி பிடித்த மாதிரி. நடுவில் துளி. பின்சுவர் ஓரத்தில் டேப்பே கழன்று மிதந்தது. அப்படியானால் பின்னாலிருந்து வருகிறது. ஸ்டோரில் வாடின கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்தே இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்வேன், உனக்குத் தெரியும். இந்தத் தரை எனக்குப் பிடி கொடுக்கவில்லை. ஸுஹைரிடம் போனேன். தண்ணி கீழேருந்து வருதுன்னா அதுக்கு என் கடையில மருந்து இல்லை, பூசினா ஒரு மாசத்துல அப்பளம் மாதிரி எழும்பிடும் என்றார். மதுரன் முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பின்சுவர் ஓரம் குந்தினேன். யாரைக் கேட்பது என்று யோசித்தேன். இந்தக் கொட்டிலைக் கட்டியவள் நீ. உன்னைக் கேட்கலாம் என்றால் கடிதம் போய் வர ஒரு வாரம். அப்போதுதான் சட்டைப் பையில் கை போனது. படிங்க என்று எழுதியிருந்தாயே. பிரித்தேன்.

எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது. முதல் எழுத்து ‘வா’. அதற்கு மேல் போக முடியவில்லை. வாழ்க்கை என்று தொடங்குகிறாள், முடிந்தது என்று நினைத்தேன். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மற்ற எழுத்துகளைக் கூட்டினேன்.

‘வாய்க்காலை மூட வேண்டாம். மேல் மலை ஊத்து உள்ளே வரும். கிளினிக் கொப்பி அரிசி டின்னுக்குப் பின்னால். மாத்திரை காலையில் ஒன்று ராத்திரி ஒன்று.’

அவ்வளவுதான். நாலு வரி. பின்னும் முன்னும் திருப்பிப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. வரமாட்டேன் என்று எங்கேயும் இல்லை.

சந்தோஷத்தில் முதலில் அரிசி டின்னுக்குத்தான் போனேன். மருந்து எழுதும் கொப்பி அங்கேயே இருந்தது. அதைத் தொலைத்துவிட்டேன் என்று கிளினிக்கில் நர்ஸிடம் திட்டு வாங்கி வேறு கொப்பி போட்டாயிற்று. இப்போது என்னிடம் இரண்டு கொப்பி.

பிறகுதான் முதல் வரி மண்டையில் ஏறியது. வாய்க்காலை மூடியது நான். கொட்டிலுக்குப் பின்னால் சும்மா ஒரு பள்ளம், நடக்க இடைஞ்சல் என்று ஒக்டோபரில் கல்லும் மண்ணும் போட்டு மூடி, மேலே மிதித்துச் சமப்படுத்தினேன். அப்போதும் இந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டுதான் மூடியிருக்கிறேன்.

வாய்க்கால் எந்தப் பக்கமாகப் போனது, எவ்வளவு ஆழம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எழுது.

ஆண்டியப்பன்


நோட்டன் பிரிட்ஜ்
16.02.2025

மதுரன் அப்பாவுக்கு,

மூடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் எழுதி வச்சேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது கோபத்துல எனக்கு ஞாபகம் வரலை. பஸ்ஸுல ஹட்டன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. மதுரன் படிச்சுச் சொல்லுவான்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க அதைப் பையில போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவீங்கன்னு யார் கண்டா?

வாய்க்கால் இப்படி. கொய்யா மரத்தடியில ஆரம்பிச்சு, சுவருக்கு ரெண்டடி தள்ளியே போகணும். முழங்கால் ஆழம். நேரா வெட்டினா கல்லு வரும், பாறை. அங்க கீழ்ப்பக்கமா வளைச்சு விடணும். கடைசியில அழகன் வீட்டு வேலிக்கு முன்னாலயே தண்ணி ஓடுற கானுக்குள்ள விட்டிடணும், இல்லாட்டி அவன் பீட்ரூட் பாத்தி அழுகும், சண்டைக்கு வருவான். அடியில சின்னக் கல்லாப் பரப்புங்க. மண்ணால மூடாதீங்க. இலை விழுந்தா அள்ளணும், வாரத்துக்கு ஒருக்கா.

கட்டின முதல் வருஷம் செவலி ஈரத்துலயே நின்னு குளம்பு வெடிச்சு நொண்டினா. டொக்டர் தரையைக் காய வைன்னு சொன்னார். நீங்க ராத்திரி ஷிப்ட்ல இருந்தீங்க. காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னால தினமும் கொஞ்சம் கொஞ்சமா நான்தான் வெட்டினேன். பதினாறு நாள். வெட்டி முடிச்சு உங்களுக்குக் காட்டினேன். நல்லாருக்குன்னீங்க. எதுக்குன்னு கேக்கலை.

நான் போனது மாட்டுக்காக மட்டும் இல்லை. அதை விளங்கிக்கங்க. நாப்பத்து நாலு வருஷம். ஆபீஸ்ல இருந்து வர்ற கடிதாசி, ரேஷன் கார்ட், பிள்ளைங்க ரிப்போர்ட், மருந்துப் போத்தல், எல்லாத்தையும் நான் உங்களுக்குப் படிச்சுச் சொன்னேன். பக்கத்துல ஆள் இருந்தா எனக்கே தெரிஞ்சுக்க ஆசை மாதிரி சத்தமாப் படிப்பேன். உங்களுக்குத் தெரியாதுன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா நீங்க என்னை ஒண்ணும் கேட்டதில்லை. மாட்டை விக்கக் கேக்கலை. கொட்டிலைக் கராஜாக்கக் கேக்கலை. வாய்க்காலை மூடக் கேக்கலை. படிக்கத் தெரியாததுக்கு நான் உங்களை ஒரு நாளும் குறைச்சுப் பார்த்ததில்லை. கேக்கத் தெரியாததுதான் எனக்குப் பொறுக்கலை.

இதுவரைக்கும் நான் எழுதினதுல இதுதான் பெரிய கடிதம். கை வலிக்குது. மாத்திரையை ஒழுங்கா எடுங்க.

அம்மாக்கண்ணு


ராகலை
20.03.2025

அம்மாக்கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளும் எழுந்துவிட்டேன். பிறகு, முதலில் வாய்க்காலை வெட்டுவோம், பிறகு எழுதுவோம் என்று மண்வெட்டியை எடுத்தேன்.

கொய்யா மரத்தடியில் தொடங்கினேன். நீ சொன்ன இடத்தில் பாறை இருந்தது. சரியாக அதே இடம். மண்வெட்டி ணங் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்ப்பக்கமாக வளைத்தேன். உனக்குப் பதினாறு நாள். மூடின மண் இளகி இருந்ததால் எனக்கு ஏழு நாள். ஆறாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் இல்லாமல், காத்திருந்த மாதிரி, வளைவில் வளைந்து தானாகவே கானுக்குப் போனது. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது எங்கிருந்து வருகிறது என்று அறிய ஆசையாகி மேல் மலைக்கு ஏறினேன். பத்தாம் நம்பர் மலையில், பழைய தேயிலைத் தூர் ஒன்றின் அடியில், என் கட்டைவிரல் அளவு ஊத்து. அவ்வளவுதான். அதுதான் நம் தரைக்குள் வந்திருக்கிறது.

தரை காயக் காத்திருந்த நாட்களில் ரயில் ஏறி வட்டகொடைக்குப் போனேன். ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படித்துத்தான் இறங்கினேன். செவலி நன்றாக இருக்கிறாள். கன்று போட்டிருக்கிறாள், கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காளியாயியிடம் மாட்டைத் திருப்பித் தருவாயா என்று கேட்டேன். பால் வற்றும்வரை பேச்சே இல்லை என்றாள். அப்படியானால் பால் மறந்த பிறகு கன்றையாவது கொடு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வித்தது நீங்க. வளத்தது நீங்க இல்லையே. அந்தம்மா வந்து கேக்கட்டும், தர்றேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரி.

நான் அவளோடு பேசிக்கொண்டு நிற்கும்போது செவலி என் பக்கம் வந்தாள். என்னை அடையாளம் தெரிகிறது என்று நான் நினைத்தேன். அவள் மூக்கைச் சட்டைப் பைக்குள் விட்டு உன் காலண்டர் தாளை இழுத்துத் தின்றுவிட்டாள். காளியாயி வாயைப் பிடித்துத் திறந்தும் கிடைக்கவில்லை. கவலைப்படாதே. எனக்கு அது மனப்பாடம். இதோ என் கையால் எழுதுகிறேன். வாய்க்காலை மூட வேண்டாம். மேல் மலை ஊத்து உள்ளே வரும். கிளினிக் கொப்பி அரிசி டின்னுக்குப் பின்னால். மாத்திரை காலையில் ஒன்று ராத்திரி ஒன்று. பிழை இருந்தால் சொல்.

முதல் கடிதத்தில், நல்ல எழுத்து வந்த பிறகு எழுதுகிறேன் என்று ஒன்றைத் தள்ளி வைத்தேன். இதற்கு மேல் என் எழுத்து நன்றாக வரும் என்று தோன்றவில்லை. எழுதிவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் செவலியை விற்றது தப்பு. மகனுக்கு உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்வாய் என்பதால்தான் கேட்கவில்லை. அது இன்னும் பெரிய தப்பு.

இப்போது கேட்கிறேன்.

தரை காய்ந்துவிட்டது. மூன்று இடத்திலும் பொலித்தீன் ஒட்டி ஒன்றுக்கு இரண்டு நாள் விட்டுத் திறந்தேன். பின்சுவர் ஓரம்கூடத் தூசிதான் இருந்தது. தேயிலை டப்பாவுக்குள் கை விட்ட மாதிரி காய்ந்த தரை. ஆனால் முழுவதும் பூச எனக்கு மனம் இல்லை. கன்று வந்தால் அந்தக் கண்ணாடித் தரையில் எப்படி நிற்கும்? வழுக்கினால் இடுப்பு போய்விடும் என்று நீதான் எழுதினாய். அதனால் பிள்ளைக் காம்பராவிலிருந்து ஒரு வெண்கட்டி கேட்டு வாங்கி வந்து, தரை நடுவில் ஒரு கோடு போட்டேன். வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேன். இந்தப் பக்கம் கம்பம், உன் கீறல், எல்லாம் இருந்தபடி.

வேன் பக்கத்தை மட்டும் அசிட் போட்டுக் கழுவினேன். அசிட்டில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் அசிட்டை ஊற்ற வேண்டும் என்று பத்தாம் வரியில் பெரிய எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் நான் மாற்றி ஊற்றியிருப்பேன். ஊற்றியதும் தரை பொங்கியது. நுரை நுரையாக. அப்பச்சோடாத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காய வைத்துத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பெயின்ட் பிடிக்க அப்படித்தான் இருக்க வேண்டுமாம். காலையில் எட்டு டிகிரி குளிர், பத்துக்குக் கீழே பூசினால் இறுகாது, அதனால் வெயில் ஏறி பத்து மணிக்கு மேல்தான் பூச வேண்டும். எல்லாம் ஆயத்தம்.

பாதித் தரை என்று கேட்டதும் மதுரன், கழுவ வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா என்றான். பிறகு கோட்டோரமாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, அம்மா வருவாங்கன்னா கால்வாசி போதும் என்றான்.

டின்னை இன்னும் திறக்கவில்லை. வெண்கட்டிக் கோடுதான், கையால் அழித்துவிடலாம். கோடு சரியான இடத்தில் இருக்கிறதா? நீ சொன்ன பிறகுதான் டேப் ஒட்டுவேன்.

ஆண்டியப்பன்


நோட்டன் பிரிட்ஜ்
26.03.2025

மதுரன் அப்பாவுக்கு,

பிழை ஒண்ணும் இல்லை. நான் எழுதினதை விடச் சுத்தமா எழுதியிருக்கீங்க.

கோடு சரியில்லை. நடுவுல போட்டா மாடு நிக்கும், திரும்ப முடியாது. திரும்ப முடியாத மாடு சுவத்துல உரசி இடுப்பெல்லாம் புண்ணாக்கிக்கும். கன்னு கன்னாவே இருக்காது. ஒரு முழம் வேன் பக்கம் தள்ளிப் போடுங்க. வேனுக்கு இடம் காணும், நான் மனசுல அளந்து பார்த்துட்டேன். மதுரன் மெலிஞ்ச பிள்ளை, அந்தப் பக்கக் கதவால நெளிஞ்சு இறங்கட்டும்.

புல்லு வைக்கிற மூலையில அசிட் தெறிச்சிருந்தா இன்னொரு தரம் கழுவுங்க.

காளியாயியை நான் பார்த்துக்கிறேன். போற வழிதானே, வட்டகொடையில இறங்கிட்டு வர்றேன். நிலக்ஷி பிள்ளை உக்காரத் தொடங்கிருச்சு, இனி அவ சமாளிப்பா.

அடுத்த வியாழக்கிழமை பின்னேரம் வந்திடுவேன். அன்னைக்கு உங்களுக்கு வகுப்பு. எனக்காக வகுப்பை விட்டுட்டு டவுன் பஸ்டாண்டுல வந்து நிக்க வேண்டாம். சாவியை எங்க வைப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.

முழம்னா உங்க கையால அளங்க. என் கை சின்னது.

அம்மாக்கண்ணு